வலது ஃபோர்க்கில் எண்ணெய்

ஜூன் 8, ஞாயிறு

வண்டியின் வலது முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. காலையில் துடைக்கும்போது பார்த்தேன். பளபளப்பான குழாயைச் சுற்றி ஈரமாக ஒரு வளையம். விரலால் தடவினால் கறுப்பாக வருகிறது. கீழே வழிந்து பிரேக் காலிப்பர் பக்கம் வந்துவிட்டது. டிஸ்க்கில் இன்னும் படவில்லை. பட்டால் முன் பிரேக் பிடிக்காது.

நானே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டது இஞ்சின் வேலைக்கு மட்டும்தான். செயின், கேபிள், கார்புரேட்டர் எல்லாம் என் கையால்தான். பல் லேபில் மெழுகில் பல் செதுக்குகிறவனுக்கு இதெல்லாம் முரட்டு வேலை.

கழற்றுகிற வரிசையை எழுதி வைத்தால் மாட்டும்போது தலைகீழாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்த டைரி. ஜனவரியில் யாரோ லேபுக்குக் கொடுத்தது, அப்படியே கிடந்தது.

உலகம்மாளிடம் சொன்னேன். "மெக்கானிக்கிட்டயே விட்ருங்களேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால்தான் "ஏன், நீங்களே பாக்கக் கூடாதா" என்பாள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை அதிகம் போல. களைப்பில் பேசியிருப்பாள்.

ஜூன் 9, திங்கள்

உலகம்மாளை அவள் வேலை பார்க்கும் இடத்தில் இறக்கிவிட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஆயில் சீல், டஸ்ட் சீல், ஃபோர்க் ஆயில் வாங்கியாயிற்று. வண்டி மாடலைக் கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். "சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, காதுல விழல." கடையில் ஃபேன் பேய்ச் சத்தம் போடுகிறது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும் அவர்.

ஜூன் 12, வியாழன்

லேபில் ஒரு மாற்றம். ஜெபசிங் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். அவன்தான் முதலாளி, என் மகன் வயது இருக்கும். அவன் அப்பா காலத்திலிருந்து அங்கே இருக்கிறேன்.

"அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு நீங்க பிளாஸ்டர் பக்கம் பாத்துக்கிடுதியளா? மாடல் ஊத்துறது சரியா வரமாட்டேங்கு. உங்கள மாதிரி அனுபவப்பட்ட ஆள் ஒருத்தர் அங்க நின்னாத்தான் சரியா வரும்."

"மெழுகு வேலை?"

"அத மத்தவங்க பாக்கட்டும்."

அவன் சொல்வதும் நியாயம்தான். நோயாளியின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்க்கும் அச்சுதான் மாடல். அது கோணினால் மேலே எவ்வளவு நன்றாகச் செதுக்கியும் பல் பொருந்தாது. போன மாதம் நான் செய்த ஒரு பல் பிரிட்ஜ், கடி உயரம் சரியில்லை என்று திரும்பி வந்தது. அதற்கும் மாடல்தான் காரணமாக இருக்கும். ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வேலை ஆரம்பம். வாசல் ஷெட்டில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இஞ்சினுக்கு அடியில் கட்டையும் செங்கல்லும் கொடுத்து, முன்சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினேன்.

முதலில் பிரேக் காலிப்பர். இரண்டு போல்ட். கழற்றிய பிறகு குழாயில் தொங்க விடக்கூடாது, கம்பியால் ஹேண்டில்பாரில் கட்டினேன். அப்புறம் ஆக்சில் நட், ஆக்சில், சக்கரம். பிறகு மட்கார்டு. ஃபோர்க்கின் தலை மூடியை, ஃபோர்க் வண்டியில் இறுகி இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தனியே எடுத்துவிட்டால் பிடிமானம் இருக்காது. அதன்பின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஃபோர்க்கைத் திருகியபடியே கீழே இழுத்தால் வந்துவிடும்.

வரவில்லை. வலது தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. சில மாதமாகவே அந்தத் தோளில் ஒரு இறுக்கம். ஃபேனுக்கு நேரே படுப்பதால் இருக்கலாம். உலகம்மாள் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். வந்தது.

தலைகீழாகக் கவிழ்த்து எண்ணெயை ஒரு பழைய சட்டியில் வடித்தேன். அடுப்படியிலிருந்த உலகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, செத்த எலி மாதிரி நாறுது! எப்படித்தான் பக்கத்துல உக்காந்திருக்கிய?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து சட்டியில் மூக்கை வைத்தே பார்த்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. லேபில் வருஷக்கணக்காக அக்ரிலிக் வாடையில் இருந்தவனுக்கு இதெல்லாம் உறைக்காது என்றேன்.

அவள் சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஜூன் 16, திங்கள்

வண்டி இல்லை. அவள் பஸ், நான் நடை.

ஜூன் 19, வியாழன்

எதிர்வீட்டு சவரிமுத்து தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைக் கண்காணிப்பது இப்போது அவர் உத்தியோகம். நான் வேலை முடிந்து நடந்து வருவதைப் பார்த்து, "வே, பேப்பர்லருந்து தலைய எடுக்காமலே நீரு வாறது தெரிஞ்சு போச்சு. ஒரு செருப்ப மட்டும் இழுத்துக்கிட்டு வாரீரே" என்றார்.

செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். வலது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்திருக்கிறது. மட்டமான ரப்பர். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஜோடி, ஒன்று ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி.

"முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீரு? கோவமா?" என்றும் கேட்டார். எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஃபோர்க் என்பது ஒன்றுக்குள் ஒன்று போய்வரும் இரண்டு குழாய். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அது மேலே எழும்பாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வது சர்க்ளிப். வாய் திறந்த ஒரு கம்பி வளையம், பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சர்க்ளிப்பை எடுத்தால்தான் சீல் வரும்.

சர்க்ளிப்பை எடுக்க மதியம் முழுவதும் ஆயிற்று. ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பள்ளத்தில் கொடுத்து நெம்பினால் ஒரு நொடியில் துள்ளி வந்துவிட வேண்டும். நுனி பள்ளத்தில் நிற்கவில்லை. நழுவி நழுவிப் போனது. ஒரு தடவை நழுவியதில் குழாயில் கீறல் விழுந்துவிட்டது. நல்லவேளை, சீல் உரசும் இடத்தில் இல்லை. மூக்கு பிளையர் வைத்துப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. தேய்ந்துபோன பிளையர். புதிது வாங்க வேண்டும்.

உலகம்மாள் டீ கொண்டுவந்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது. இப்போதெல்லாம் பாதிதான் ஊற்றுகிறாள். பால் தட்டுப்பாடா என்று கேட்டேன். "குடிச்சிட்டுக் கேளுங்க, இன்னும் தாரேன்" என்றாள்.

டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. உள்ளே போகச் சொன்னேன்.

அவள் போன பிறகும் சர்க்ளிப் உடனே வந்துவிடவில்லை. ஆனால் வந்தது.

ஜூன் 25, புதன்

காலையில் உலகம்மாள் என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது, உங்களால எனக்கும் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே மளமளவென்று மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தாள். இப்போது தைக்கிற சட்டைகளில் பித்தான் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குள் அப்படிப் பழக்கம் கிடையாது. குக்கர் சத்தம் கேட்டு எழுந்து போனாள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படி உட்காருவது எனக்குப் பழகிவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

புது சீல் போட்டேன். குழாயின் நுனியில் பாலித்தீன் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கினேன். பை இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும். இறக்கியபின் ஒரு பி.வி.சி. பைப் துண்டை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும். சமமாக, மெதுவாக.

ஒரு பக்கம் கோணி இறங்கிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் உதடு கிழிந்திருக்கிறது. பைப் துண்டு நேராக வெட்டப்படவில்லை.

மீண்டும் கடைக்குப் போய் இன்னொரு சீல். இந்தத் தடவை இறங்கியது. சர்க்ளிப் போடும்போது துள்ளி எங்கேயோ போய்விட்டது. ஆனிக் காற்று இந்த வருஷம் அதிகம். ஷெட்டுக்குள் தூசியும் சருகும் சுழன்று சுழன்று வருகிறது. உலகம்மாள் விளக்குமாற்றால் பெருக்கித் தேடி எடுத்துக் கொடுத்தாள். "நான் போடட்டா?" என்று கேட்டாள்.

"இதென்ன ஊசியா நீ குத்துறதுக்கு?"

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். குழந்தைகளுக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பெயர்.

கடைசியில் சர்க்ளிப் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

முடிந்தது. உலகம்மாள் கொண்டுவந்த பெரிய சிரிஞ்சால் ஃபோர்க் ஆயிலை அளந்து ஊற்றி, ஸ்பிரிங், மூடி, கிளாம்ப், மட்கார்டு, சக்கரம், காலிப்பர் என்று எழுதி வைத்த வரிசையில் கீழிருந்து மேலே வந்தேன். டைரி உபயோகமாக இருந்தது. ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தை நன்றாக அமுக்கி அமுக்கி விட்டேன். குழாய் காய்ந்தே இருக்கிறது. ஒரு சொட்டு இல்லை.

தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தேன். சவரிமுத்து கைதட்டினார்.

ஜூலை 7, திங்கள்

உலகம்மாளைப் பின்னால் வைத்து ஓட்டினேன். மார்க்கெட் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றுவிட்டது. பிரேக் பிடித்தேன். ஆட்டோவின் பம்பரில் முன்சக்கரம் இடித்து நின்றது. லேசாகத்தான். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான்.  உலகம்மாள் இறங்கும் இடத்தில் இறங்கி, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிரேக் பேடில் எண்ணெய் பட்டிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேருக்காக உள்ளூர் விடுமுறை. நாங்கள் போகவில்லை. காலிப்பரைக் கழற்றி பேடைப் பார்த்தேன். காய்ந்து இருக்கிறது. டிஸ்க்கும் காய்ந்து இருக்கிறது. இருந்தாலும் பெட்ரோலால் துடைத்தேன். துணியில் அழுக்கு வரவில்லை. லீவரை அமுக்கினால் சக்கரம் கல் மாதிரி நிற்கிறது.

பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

டயர் பஞ்சர் என்று உலகம்மாளிடம் சொல்லி அவளைப் பஸ்ஸில் போகச் சொன்னேன். டயர் பஞ்சர் இல்லை.

ஜூலை 10, வியாழன்

பஞ்சர் ஒட்டுகிறவன் வரவில்லை என்று சொன்னேன். சரி என்று போய்விட்டாள். நானும் நடந்தே போனேன். "வண்டி ரெடின்னீரே?" என்றார் சவரிமுத்து. உடம்புக்கு நடப்பது நல்லது என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் பார்த்தால் குழாயைச் சுற்றி மறுபடியும் ஈரம். டஸ்ட் சீலைத் தூக்கிப் பார்த்தேன். சர்க்ளிப் பள்ளத்தில் உட்காரவே இல்லை. ஒரு பக்கம் மேலே ஏறி நிற்கிறது. அதோடு சீலும் ஏறியிருக்கிறது. இந்த நிலையில்தான் அவளைப் பின்னால் வைத்து மார்க்கெட் வழியாக ஓட்டியிருக்கிறேன்.

திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றினேன். சீலை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி இறக்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு சர்க்ளிப். புதுப் பிளையர் வாங்கியிருந்தேன். நுனியில் பிடித்துச் சுருக்கி, குழாய் வாய்க்குள் இறக்கி, விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிடித்தேன். விழுந்தது. பிடித்தேன். விழுந்தது. எத்தனை தடவை என்று தெரியாது.

உலகம்மாள் வந்து தரையில் எதிரே உட்கார்ந்தாள். புடவையில் எண்ணெய் படும் என்றேன். படட்டும் என்றாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

"பிளையர் சரியில்ல."

"பிளையரு சரியாத்தான் இருக்கு." அதட்டவில்லை. நோயாளியிடம் கையை நீட்டச் சொல்லும் குரலில்தான் சொன்னாள். "தீவாளிக்கு முன்னாலருந்தே உங்க கையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சும்மா இருக்கப்பவும் பாக்கேன். தூங்குறப்ப மட்டுந்தான் நிக்குது."

நான் பிளையரையும் சர்க்ளிப்பையும் அவளிடம் கொடுத்தேன்.

"அன்னைக்கு ஆட்டோ நின்னுச்சுல்லா. நீங்க பிரேக்கப் பாத்திய. கை போவல. நான் பின்னால இருந்து பாத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா."

"ரெண்டு நாள் கழிச்சு நீங்களே பஞ்சர்னு சொன்னிய. குனிஞ்சு டயர அமுக்கிப் பாத்தேன், காத்து கிண்ணுனு இருந்துச்சு. சரி, என்னைய ஏத்தப் பயப்படுதாவ, அதான் பொய் சொல்லுதாவன்னு தெரிஞ்சுது. பேசாம பஸ்ஸுல போயிட்டேன். பஸ்ஸுல உக்காந்து அழுதேன், அது வேற."

 காற்று ஷெட்டின் தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்க வைக்கணும், சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முதலில் ஒரு முனையைப் பள்ளத்தில் செருகு. விரலால் அதைப் பிடித்துக்கொள். மற்ற முனையைச் சுருக்கி, சுற்றிக்கொண்டே கீழே இறக்கு. அவசரப்படாதே. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். டிக் என்று ஒரு சத்தம். பள்ளத்தில் சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"வெள்ளிக்கெழம டாக்டர்ட்ட போறோம். நரம்பு டாக்டர். பேரு பதிஞ்சாச்சு."

"எங்கிட்டக் கேக்காமலா?"

"கேட்டா வருவியளா?"

மீதியை இரண்டு பேருமாகப் பூட்டினோம். ஆக்சில் நட்டை அவள் இறுக்கினாள். போதுமா என்று நான் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

டாக்டரிடம் போனோம்.

ஜூலை 19, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பெண் டாக்டர். சின்ன வயது. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து, வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கையால் தட்டினேன். வலது கையால் தட்டும்போது, விரல் திறக்கும் இடைவெளி சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. ஒரு தாளில் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிக் கோடு இழுக்கச் சொன்னார். பல்லின் ஒவ்வொரு வளைவையும் மெழுகில் கொண்டுவந்தவன் நான். அந்தச் சுற்றைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

வராந்தாவில் நடக்கச் சொன்னார். "வலது கைய வீசி நடக்க மாட்டேங்கிறீங்க, கவனிச்சீங்களா?" என்றார். கவனிக்கவில்லை. "வாசனை எல்லாம் தெரியுதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள், "தெரியல டாக்டர். பாலு அடிப்பிடிச்சாலும் தெரியாது" என்றாள். குரல் இறங்கியது, தோள்பட்டை, சட்டைப் பித்தான், செருப்பு, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். டாக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் சொன்னார்.

பார்க்கின்சன் நோய். மூளையில் ஒரு சுரப்பு குறைந்துபோவதால் வருவதாம். முழுதாகக் குணமாக்க முடியாது. மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும், பல வருஷம் வேலையும் நடமாட்டமுமாக இருக்கலாம் என்றார்.

"வண்டி ஓட்டுறீங்களா?"

"ஓட்டுவேன்."

"இப்போதைக்கு வேண்டாம். மருந்து எப்படிக் கேக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது உலகம்மாள் கேட்டாள், "காப்பி குடிப்பமா?" குடித்தோம். நல்ல காப்பி என்றாள்.

ஜூலை 21, திங்கள்

ஜெபசிங்கிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. என்ன நோவுன்னு தெரியாது. ஆனா என்னமோ இருக்குன்னு தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னுதான் பிளாஸ்டர் பக்கம் போகச் சொன்னேன்."

"மாடல் சரியா வரலன்னு சொன்னிய?"

"மாடல் எப்பவும் சரியாத்தான் அண்ணாச்சி வந்துச்சு."

பிளாஸ்டர் பக்கமே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மாடல் ஊற்றுவதற்கு இந்தக் கை போதும். ஓரம் சீவும் டிரிம்மர் மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. முகத்தில் தண்ணீர் தெறிப்பதும் சகஜம். இன்று டிரிம்மரை நிறைய நேரம் ஓட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். ஓட்டாமல் வைத்திருந்தால் பாட்டரி போய்விடும், டயர் வெடித்துவிடும்.

உலகம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "நான் ஓட்டுதேன்" என்றாள்.

"கியர் வண்டி இது. ஸ்கூட்டி இல்ல."

"கல்யாணத்துக்கு முன்னால டி.எம்.எல்.டி. லேப் படிப்பு படிக்கப் போறப்ப மொபெட்டு ஓட்டினவதான நான். இதுல கூட என்ன இருக்கு? கியரு. நீங்க சொல்லித் தாங்க."

"ஐம்பது வயசாச்சு."

"உங்களுக்கு ஐம்பத்தஞ்சு. நம்ம ரெண்டு பேருல யாருக்குக் கை நிக்குதோ அவ ஓட்டட்டும்."

கோபம் வந்தது.  அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பின்பு எழுந்துபோய் வண்டியைத் துடைத்தேன். குழாய் காய்ந்து இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எல்.எல்.ஆர். எடுத்துவிட்டாள். சிவப்பில் எல் எழுதி முன்னும் பின்னும் ஒட்டியாயிற்று. லைசென்ஸ் உள்ளவர் கூட இருக்க வேண்டும். அந்தத் தகுதி எனக்கு இன்னும் இருக்கிறது.

பள்ளிக்கூட மைதானத்தில் முதல் பாடம். கிளட்ச்சை விட்டாள். வண்டி குதித்து நின்றது. விட்டாள். நின்றது. மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன். ஓட்டம் என்றால் ஓட்டம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விழுந்துவிட்டாள். திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டாள், மண்ணில் சறுக்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, ஒரு இண்டிகேட்டர் உடைந்தது. வண்டிக்கு அடியில் அவள் கால் இருந்தது. என்னால் ஒரே மூச்சில் வண்டியைத் தூக்க முடியவில்லை. "திரும்பும்போது முன் பிரேக்கப் பிடிக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று கத்தினேன்.

கிரிக்கெட் ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். உலகம்மாள் புடவையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "உங்க சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஃபோர்க்கைப் பார்த்தேன். வளையவில்லை. கசிவும் இல்லை. பிறகு அவள் முழங்கைக்கு மருந்து போட்டேன். பஞ்சை அவளே பிரித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று சட்டைப் பித்தானை நானே போட்டேன். கொஞ்சம் நேரம் பிடித்தது. மாத்திரை கேட்கிறது. தோள்பட்டை லேசாகியிருக்கிறது. காலையில் முதல் மாத்திரை உள்ளே போய் வேலை செய்யும்வரை கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வந்தாயிற்று. நான் பின்னால். பின்னால் உட்கார்ந்தவன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்தால் தோள் வலிக்கிறது. "என் தோள்ல போடுங்க" என்றாள். போட்டேன். என் கை செய்வதெல்லாம் அவளுக்குத் தோளில் தெரியும். தெரியட்டும்.

மூன்றாவது கியரில் போக வேண்டிய இடத்திலும் இரண்டாவதிலேயே போகிறாள். சொன்னால் கேட்பதில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

முதல் தடவையாக இரண்டு பேரும் வேலைக்கு வண்டியில் போனோம். அவள் ஓட்ட, நான் பின்னால். அவளுடைய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் அங்கிருந்து லேபுக்கு நடப்பது என்று ஏற்பாடு. ரயில்வே கேட்டை அடைத்திருந்தார்கள். நிறைய வண்டிகள். அவள் காலைத் தரையில் ஊன்றி, நியூட்ரலைத் தேடி ஒருவழியாகப் போட்டாள்.

பக்கத்தில் சைக்கிளோடு சவரிமுத்து. காய்கறி வாங்கப் போகிறார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன வே இது, அவுக ஓட்ட நீரு பின்னால சொகுசா உக்காந்து போறீரு!"

முன்னால் பைக்கில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உலகம்மாளின் தோள் என் கைக்கடியில் விறைத்தது. அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. நாங்கள் பேசி வைத்திருந்த பதில் ஒன்று உண்டு: கண்ணில் ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு ஓட்டக்கூடாது.

அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன். அதே நேரம் ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக நீளமாகப் போனது. சவரிமுத்து காதில் கையை வைத்துக்கொண்டு, என்ன என்று வாயை அசைத்தார். நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கண் ஆபரேஷன் என்று மாற்றிக்கூடச் சொல்லியிருக்கலாம்.

கடைசிப் பெட்டி போனது. "என்ன வே சொன்னீரு?" என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.

"கை நடுங்குது அண்ணாச்சி. பார்க்கின்சன் நோய். இனிமே அவதான் ஓட்டுவா."

சிரித்தவர்கள் திரும்பிக்கொண்டார்கள்.  சவரிமுத்து சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எட்டி என் வலது கையைத் தொட்டார். 

கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"கிளட்ச்ச மெதுவா விடு" என்றேன்.

"தெரியும், பேசாம இருங்க" என்றாள் உலகம்மாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டியது.